தொழிலாளர் காசில் வந்த தோட்டம்

ஒரு தோட்டம் விலைபோன செய்தி, அங்கே பால்மரம் வெட்டுகிறவருக்குத்தான் கடைசியில் வந்து சேரும். பேச்சு லண்டனில் முடிந்திருக்கும். ஏஜென்சி நிறுவனத்தின் மேசையில் காகிதங்கள் தயாராகியிருக்கும். நில அலுவலகத்தில் கிராண்டில் பெயர் மாறியிருக்கும். துரை பங்களாவைக் காலி செய்யத் தொடங்கும்போது கிராணிமார் முகம் வாடும். அப்புறம் ஒரு விடியற்காலைப் பெரட்டில், ஆள்கணக்கு எடுக்கும் நேரத்தில்தான் விஷயம் வெளியே வரும்: தோட்டத்தை விற்றாகிவிட்டது, ஒருவர் வாங்கவில்லை, பலர் பிரித்து வாங்கியிருக்கிறார்கள்.

1950களில் மலாயாத் தோட்டங்களை உலுக்கிய பேச்சு இது. தோட்டத் துண்டாடல் என்றார்கள். கெடாவில் கூலிம், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங் எனத் தமிழர் நிறைந்த தோட்டப்புறமெங்கும் அடுத்தது நம் தோட்டமோ என்ற பயம் இருந்தது. அந்தப் பயத்திலிருந்து பிறந்ததுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். அது வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். ஆண்டு 1961.

தோட்டத்தை ஏன் விற்றார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கொரியப் போர் மூண்டபோது ரப்பர் விலை கனவிலும் காணாத உயரத்துக்குப் போய், சீக்கிரமே இறங்கியது. அமெரிக்காவில் செயற்கை ரப்பர் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. 1948இல் அறிவித்த அவசரகாலம் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. 1957இல் மெர்டேக்கா, சுதந்திரம். வெள்ளைக்கார முதலாளிகளில் பலருக்கு இந்த மண்ணில் பணத்தை வைத்திருக்கத் தயக்கம் வந்தது. இதைவிடப் பெரிய காரணம் மரத்திலேயே இருந்தது. நூற்றாண்டின் தொடக்கத்தில் நட்ட மரங்களுக்கு வயதாகிவிட்டது. அவற்றைச் சாய்த்து மறுநடவு செய்தால் ஆறேழு ஆண்டுகளுக்குப் பால் கிடையாது. செலவு உண்டு, வரவு இல்லை. அந்த ஆறேழு ஆண்டுகளைப் பொறுக்க மனமில்லாத கம்பெனிக்கு, கிடைத்த விலைக்கு விற்பதே லாபமாகத் தெரிந்தது.

வாங்கியவர்களின் கணக்கு வேறு. சிலர் கூடி ஒரு சிண்டிகேட் அமைத்து, முழுத் தோட்டத்தையும் ஏக்கருக்கு இவ்வளவென்று மொத்த விலைக்கு எடுப்பார்கள். பிறகு அதைப் பத்து ஏக்கர், இருபது ஏக்கரென்று வெட்டி, கூடின விலைக்குச் சில்லறையாக விற்பார்கள். கையில் கொஞ்சம் காசு சேர்த்த கடைக்காரர், குத்தகைக்காரர், சம்பளக்காரர் எல்லாருக்கும் சொந்த நிலம் வேண்டும். ஆகவே சில்லறை வியாபாரம் சூடாகவே நடந்தது. தோட்டம் என்ற ஒன்று இல்லாமல் போகும். அந்த இடத்தில் ஐம்பது அறுபது சிறு நிலங்கள் இருக்கும்.

நிலத்துக்கு ஐம்பது பேர் பொறுப்பானார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்கு எந்தக் காகிதத்திலும் பதில் இல்லை.

மலாயாவில் அரசின் பார்வைக்கு ஓர் எல்லை இருந்தது. 100 ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால் அது தோட்டம். 100 ஏக்கருக்குக் குறைந்தால் சிறுதோட்டம். கணக்கெடுப்பில், உற்பத்திப் புள்ளிவிவரத்தில், மறுநடவு உதவியில் எல்லாவற்றிலும் இந்தக் கோடு ஓடியது. தோட்டமென்றால் அரசுக்கு அங்கே கேட்க ஆயிரம் கேள்விகள் உண்டு. தொழிலாளர் இலாகா அதிகாரி வந்து செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டைப் பார்ப்பார். வீடு, தண்ணீர், மருந்தகம், ஆயாக் கொட்டகை எல்லாம் அவர் பார்வையில் வரும். கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. நம் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை இன்றும் ஏதோ ஒரு தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டிருப்பது இந்தக் கட்டாயத்தின் தொடர்ச்சிதான்.

பத்து ஏக்கர்க்காரருக்கு இந்தக் கடமைகளில் பெரும்பாலானவை இல்லை. அவரால் பள்ளி நடத்தவும் முடியாது, மருந்தகத்துக்கு டிரெசர் வைக்கவும் முடியாது. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவரிடம் இருப்பது பத்து ஏக்கர்தான். சொந்தக் குடும்பத்தை வைத்தோ, பாலில் பங்கு என்று இரண்டு ஆளைப் பேசியோ மரம் வெட்டிக்கொள்வார். முந்நூறு பேருக்கு வேலை இருந்த இடத்தில் மீதிப் பேர் என்ன ஆவார்கள்? வேலை போனால் வீடும் போகும். ஏனென்றால் வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வீடு போனால் பிள்ளையின் பள்ளி போகும், கோயில் திருவிழா போகும், பெட்டிக்கடைக் கணக்கு உடனே தீர்க்கச் சொல்லும். ஒரே கையெழுத்தில் ஒரு ஊரே கலைந்தது. அந்தக் கையெழுத்து முழுக்கச் சட்டப்படி செல்லுபடியாகும் கையெழுத்து என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

அரசு ஏன் தடுக்கவில்லை? நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ளது. அன்றைக்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி நிலச் சட்டம். கெடாவுக்கும் தன் சொந்தச் சட்டம் இருந்தது. தீபகற்பம் முழுவதற்கும் பொதுவான தேசிய நிலச் சட்டம் 1965இல்தான் நிறைவேறி 1966 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. அன்று விற்கிறவரும் வாங்குகிறவரும் மனமொத்து வந்தால் நில அலுவலகம் பதிந்துகொடுக்கும். பதிவாளருக்கு முன்னால் இரண்டே தரப்பு. மூன்றாவது தரப்பு ஒன்று லயத்தில் குடியிருக்கிறது என்று எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

இந்த நேரத்தில்தான் வீ.தி. சம்பந்தன் ஒரு வழியைப் பிடித்தார். அவர் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், 1955 முதல் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவர். 1955இல் அமைந்த முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவையில் தொழிலாளர் இலாகா அவரிடம்தான் இருந்தது. ஆகவே தோட்டத்தின் இரு பக்கமும் அவருக்குத் தெரியும். விற்பனையைச் சட்டத்தால் நிறுத்த முடியவில்லையென்றால், சந்தையில் வாங்குகிறவராக நாமே நிற்போம் என்பது அவர் கண்ட வழி. துண்டாட வருகிறவன் தரும் விலையைத் தொழிலாளர்கள் சேர்ந்து தந்தால் தோட்டம் முழுசாக நிற்கும்.

இதற்கான சட்டக் கருவி கையிலேயே இருந்தது. இந்தியச் சட்டத்தை ஒட்டி 1922இல் மலாயாவில் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அவ்வாண்டு ஜூலையில் அஞ்சல் தந்தி ஊழியர்களின் சிக்கனக் கடன் சங்கம் முதல் சங்கமாகப் பதிவானது. தோட்டங்களுக்கும் அந்தச் சங்கங்கள் பரவின. மாதச் சம்பளத்தில் ஒரு வெள்ளி இரண்டு வெள்ளி பிடித்துச் சேர்த்து, ஊருக்குப் போகவோ கல்யாணம் காரியத்துக்கோ எடுத்துக்கொள்வது தோட்டத் தமிழனுக்குப் பழகிய பழக்கம். அந்தச் சேமிப்பு ஒவ்வொரு தோட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. சம்பந்தன் செய்தது அந்தப் பழக்கத்தை நாடு முழுக்க ஒரே பெட்டியில் கொண்டுவந்து சேர்த்தது.

1960இல் சங்கம் பதிவானது. ஒரு பங்கு நூறு வெள்ளி. அன்றைய பால்மரத் தொழிலாளிக்கு அது ஏறத்தாழ ஒரு மாத உழைப்பு. மொத்தமாகக் கட்ட யாரால் முடியும்? பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றார்கள். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். கூடவே சங்கத்தின் செயலாளராக இருந்த கே.ஆர். சோமசுந்தரமும் போனார். அமைச்சர் ஒருவர் கோயில் திடலில் நின்று, உங்கள் காசைக் கொடுங்கள் என்று கேட்டார். ஓட்டுக் கேட்பதைவிடக் கடினமான கேள்வி அது. தோட்டத்து மக்கள் ஏமாந்து பழகியவர்கள். காசு வாங்கிப் போனவர் திரும்பி வராத கதைகள் ஒவ்வொரு லயத்திலும் உண்டு.

ஆனாலும் கொடுத்தார்கள். இந்தக் கதையில் நான் மிகவும் மதிப்பது இந்த இடத்தைத்தான். ஜொகூரிலோ நெகிரி செம்பிலானிலோ மரம் வெட்டிய ஒருவர் கட்டிய பத்து வெள்ளி, அவர் கண்ணால் பார்த்திராத கெடாவின் ஒரு தோட்டத்தை வாங்கப் போனது. புக்கிட் சிடிமில் அடுத்த மாதமும் பெரட்டுக்கு ஆள் நிற்க வேண்டும் என்பதற்காக, எங்கோ ஒரு வீட்டில் தீபாவளித் துணியைக் குறைத்திருப்பார்கள். தன் தோட்டம் எப்போது விற்கப்படும் என்று அவருக்கே தெரியாது. அது விற்கும்போது சங்கத்திடம் காசு இருக்குமா என்பதும் தெரியாது. அந்த நிச்சயமின்மையைத் தெரிந்தேதான் கட்டினார்கள்.

புக்கிட் சிடிம் சங்கத்தின் பெயருக்கு மாறியது. அதற்குப் பிறகு மற்ற மாநிலங்களிலும் தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மரங்கள் அப்படியே நின்றன, லயம் நின்றது, செக்ரோலில் பெயர்கள் நின்றன. ஆனால் வாங்குவதோடு வேலை முடியவில்லை. விற்றவர் தள்ளிப்போட்ட மறுநடவு சங்கத்தின் தலையில் வந்து உட்கார்ந்தது. மறுநடவுக்கென்று 1952இலேயே அரசு ஒரு நிதி ஏற்படுத்தியிருந்தது. ஏற்றுமதியாகும் ரப்பரின் மேல் செஸ் வசூலித்து நடவுக்குத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு அது. அப்படியிருந்தும், வயதான மரத்தைச் சாய்ப்பதா இன்னும் இரண்டு வருடம் வெட்டிப் பங்குதாரருக்கு லாபஈவு கொடுப்பதா என்ற கேள்வி சாமானியமானதல்ல. லண்டன் கம்பெனி விடை சொல்லாமல் ஓடிய அதே கேள்விக்குத் தொழிலாளர்களின் சங்கம் இருந்து விடை சொல்ல வேண்டியிருந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சங்கத்தில் பங்கு எடுத்தவருக்குத் தான் வெட்டும் மரம் சொந்தமாகவில்லை. குடியிருக்கும் வீடும் சொந்தமாகவில்லை. அவருக்குச் சொந்தமானது நாடு முழுக்கப் பரந்த சங்கத்தில் ஒரு சிறு பங்கு. தோட்டத்தில் அவர் முன்போலவே தொழிலாளி. மேலே மானேஜர் உண்டு, கூலி தொழிற்சங்க ஒப்பந்தப்படி உண்டு. பங்குதாரராகப் பேராளர் கூட்டத்தில் கேள்வி கேட்கலாம், மறுநாள் காலை பெரட்டில் அதே கேள்வியைக் கேட்க முடியாது. முதலாளித்துவத்தை ஒழித்த புரட்சியாக இதைப் பேசுவோர் உண்டு, ஒன்றுமே மாறவில்லை என்று ஒதுக்குவோரும் உண்டு. இரண்டும் நியாயமாகப் படவில்லை எனக்கு. சங்கம் செய்வதாகச் சொன்னது தோட்டத்தைச் சிதறாமல் காப்பது. அதைச் செய்தது. தொழிலாளியின் குரலை நிர்வாகத்துக்குள் கொண்டுபோவது வேறு வேலை. அது நடக்கவில்லை.

இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை மூணாறு இன்னும் கூர்மையாகக் காட்டியது. கேரளத்தின் அந்த மலைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் தமிழர். 2005இல் டாடா நிறுவனம் தோட்டப் பொறுப்பிலிருந்து விலகியபோது, ஊழியர்களே பெரும்பங்கு வைத்திருக்கும் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் நிறுவனம் உருவானது. கொழுந்து பறிக்கும் பெண்ணும் பங்குதாரர். பத்தே ஆண்டில், 2015 செப்டம்பரில், அதே பெண்கள் போனசைக் குறைத்ததை எதிர்த்து 20 விழுக்காடு கேட்டு மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். பொம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டு, நிர்வாகத்தை மட்டுமன்றித் தங்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் கேள்வி கேட்டார்கள். பங்குப் பத்திரம் அவர்கள் வீட்டில் இருந்தது. அவர்கள் பேச்சைக் கேட்க வைக்கச் சாலைக்குத்தான் வர வேண்டியிருந்தது.

மலாயாவுக்குத் திரும்புவோம். சங்கம் தன் வழியில் தோட்டம் வாங்கிக்கொண்டிருந்தபோது, மலாயாப் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் உங்கு அசிஸ் துண்டாடலை ஆராய்ந்தார். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பற்றிய அவருடைய அறிக்கை 1960களின் தொடக்கத்தில் வெளியானது. தோட்டம் உடையும்போது உற்பத்திக்கும் தொழிலாளிக்கும் என்ன நேர்கிறது என்று ஒரு சமூகத்தின் முறையீடாக இல்லாமல் நாட்டின் பொருளாதாரக் கேள்வியாக அது எடுத்துக்கொண்டது. இதே உங்கு அசிஸ்தான் 1959இல், ஹஜ்ஜுக்குப் போக நிலத்தையும் மாட்டையும் விற்கும் மலாய்க் கிராமத்து மக்களுக்காக ஒரு சேமிப்புத் திட்டத்தை எழுதிக் கொடுத்தவர். அதுவே பின்னர் தாபோங் ஹாஜி ஆயிற்று. 1971இல் தேசியக் கூட்டுறவு இயக்கமான அங்காசாவுக்குத் தலைமை ஏற்றவரும் அவரே. ஏழையின் சிறுகாசு ஒரே நோக்கத்துக்காகச் சேர்ந்தால் என்ன செய்யும் என்பதில் அவரும் சம்பந்தனும் ஏறத்தாழ ஒரே காலத்தில், வேறு வேறு மக்களுக்காக, ஒரே திசையில் யோசித்திருக்கிறார்கள். நம் வரலாற்றை எழுதும்போது இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. வைக்க வேண்டும்.

சட்டம் வர 1972 ஆயிற்று. அந்த ஆண்டுத் திருத்தத்தில் தேசிய நிலச் சட்டத்துக்குள் 214அ என்ற பிரிவு நுழைந்தது. ஒன்றோடொன்று ஒட்டி 40 ஹெக்டேருக்குக் குறையாமல் இருக்கும் விவசாய நிலம், அதாவது பழைய கணக்கில் ஏறத்தாழ அந்த 100 ஏக்கர், தோட்ட நிலம். அதைக் கூறுபோட்டுக் கைமாற்றத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் இல்லாத கைமாற்றம் செல்லாது, குற்றமும் ஆகும். எந்தக் கோட்டுக்குக் கீழே போனதும் தோட்டம் அரசின் கண்ணிலிருந்து மறைந்ததோ, அதே கோட்டில் காவல் போட்டார்கள். சங்கம் பதிவான 1960க்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையில் பன்னிரண்டு ஆண்டுகள்.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனை குடும்பங்கள் கலைந்தன! நடுவில் 1969 வந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டுக் கட்டாயமானது. குடியுரிமையற்ற சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பல்லாயிரம் பேர் பினாங்குத் துறைமுகத்திலும் கிள்ளானிலும் கப்பலேறித் திரும்பிப் போனார்கள். துண்டாடலில் வேலை இழந்தவர்களுக்கு இது இரண்டாவது அடி. 1972இல் வாரியம் வந்தபோது அதனால் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டிய பலர் நாட்டிலேயே இல்லை.

அதன்பின் தோட்டத்துக்கு வந்த ஆபத்தின் முகமும் மாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். பத்து ஏக்கராக வெட்டுகிறவர் போய், வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மொத்தமாக எடுக்கிறவர் வந்தார். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறந்தது. சுங்கை பட்டாணி தோட்டங்களுக்குள்ளே பரவிப் பரவி நகரமாயிற்று. வேலை போகும் தொழிலாளிக்கு 1980ஆம் ஆண்டு விதிகள் இழப்பீடு தருகின்றன. ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். முப்பது வருடம் உழைத்தவருக்கு 600 நாள் சம்பளம் வரும். அந்தக் காசில் தாமான் வீட்டுக்கு முன்பணம் கட்டலாம், மீதிக்கு வங்கியில் கடன் கேட்க வேண்டும், ஐம்பது வயதில் கடன் கிடைப்பது கடினம். 214அ பிரிவு பார்ப்பது நிலத்தை. 1980 விதிகள் பார்ப்பது சம்பளத்தை. பிறந்து வளர்ந்த வீட்டைப் பார்க்க இவ்விரண்டிலும் வரி இல்லை. தோட்ட நில வாரியத்துக்கு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும், அங்கே எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களுக்கு வீடு எங்கே என்று எழுதிய ஒரு பக்கம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகமான ஆசையல்ல.

கூட்டுறவுச் சங்கங்களின் மேலும் அரசின் கண் வேண்டும். 1986இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்களை முடக்கியபோது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேமிப்பு சிக்கிக்கொண்டது. அவர்களில் பெரும்பாலோர் சிறுசேமிப்புக்காரர்கள். அந்த நெருக்கடிக்குப் பிறகு சட்டம் இறுகியது. 1993இல் புதிய கூட்டுறவுச் சட்டம், 2008 ஜனவரியில் மலேசியக் கூட்டுறவு ஆணையம். கணக்குத் தணிக்கை, ஆண்டுக் கூட்டம், ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு. பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் வாக்கு ஒன்றுதான். தொழிலாளியின் காசு மாட்டியிருக்கும் இடத்தில் இந்தக் காவல் அவசியம். அதைச் சங்கத்தின் மேல் உள்ள சந்தேகமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

சம்பந்தன் 1979 மே 18இல் மறைந்தார். கோலாலம்பூரில் சங்கத்தின் கட்டடத்துக்கு அவர் பெயர். அந்தக் காலத்தில் பத்து வெள்ளி தவணை கட்டியவர்களில் இன்று இருப்பவர்கள் எண்பதையும் தாண்டியவர்கள். உங்கள் தாத்தாவோ பாட்டியோ தோட்டத்தில் வேலை செய்திருந்தால், பழைய காகிதங்களுக்கு நடுவில் சங்கத்தின் பங்குப் பத்திரம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், அதில் வாரிசாக யார் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள் என்று சங்க அலுவலகத்தில் கேளுங்கள். பெயரே இல்லையென்றால், மரணச் சான்றிதழையும் உறவுமுறைக்கான ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு போய் மாற்றி எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் அடுத்த பேராளர் தேர்தல் எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.